மலைக்குப் போய் வந்த சோறு

லாங்கன்தால், சுவிஸ்
18.05.2025, ஞாயிறு

அன்பு மகன் பிருந்தாபனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் அக்காவும் கடவுள் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீயும் மெய்லானும், அவளுடைய அம்மா அப்பாவும் அந்த ஆற்றங்கரையில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். கடிதம் என்றதும் பயந்துவிடாதே, ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. போனில் வீசாட் இருக்கும்போது தபால் எதற்கு என்று அக்கா சிரிக்கிறாள். வீசாட்டில் நான் ஒரு பக்கம் எழுதினால் நீ 'ஓம் அம்மா' என்கிறாய், 'சுகம் அம்மா' என்கிறாய், மற்ற நாட்களில் ஒரு கட்டை விரல் படம் வருகிறது. ஏழு கிழமையாக நான் அந்தக் கட்டை விரலோடுதான் கதைத்துக்கொண்டிருக்கிறேன். கடிதத்துக்கு அப்படி விரல் காட்ட முடியாது, கடைசி வரை வாசித்துத்தான் ஆக வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அப்பாவின் முழங்கால் நோ குறைந்தபாடில்லை. டொக்டர் நடக்கச் சொன்னார், இவர் தோட்டம் வரைக்கும் நடந்து போய் அங்கே கதிரை போட்டு இருந்துவிடுகிறார். இந்த வருடமும் குளிர் முடியும் முன்பே மிளகாய்க் கன்றுகளை வெளியே நட்டார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் மே பதினைந்து வரை பொறு என்று போன வருடமும் சொன்னவர், அதற்கு முதல் வருடமும் சொன்னவர். 'மிளகாய் நட எனக்குச் சொல்லித் தாற அளவுக்கு வந்திட்டினம்' என்று இவர் என்னிடம் வந்து பெருமை பேசினார். இப்போது எல்லாம் கருகிக் கிடக்கிறது, வாயைத் திறக்காமல் கடையில் புதுக் கன்று வாங்கி வந்து அதே குழியில் வைத்திருக்கிறார். உன் அக்கா ஜெனனி டீட்டிகோனில் வேறு வீட்டுக்கு மாறிவிட்டாள், மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, ஆனால் சமையலறைக்கு ஜன்னல் இருக்கிறது. முதியோர் இல்லத்துக் குசினியில் எனக்கு வேலை வழக்கம்போலத்தான், புதிதாக வந்த மேலாளர், அந்த ஷெஃபின், உப்பை அளந்து போடச் சொல்கிறாள், நான் அளப்பதுபோல் காட்டிவிட்டுக் கையால் போடுகிறேன். இப்படி ஊர்ப்பட்ட கதையெல்லாம் சொல்வது, சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடத்தான் என்று உனக்கு விளங்கியிருக்கும்.

மகன், உங்கள் ஊரைப் பற்றி நான் உன்னிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். சீனாவில், நானிங்கில் மெஷின் பொருத்தும் வேலை, இரண்டே வருடம் என்று போன பிள்ளை, வேலை முடிந்த பிறகும் ஒரு பள்ளிக்கூட ரீச்சருக்காக அந்த மூலையில் போய் இருக்கிறானே, அது என்ன ஊரோ என்று வயிற்றெரிச்சலோடுதான் பங்குனிக் கடைசியில் அப்பாவோடு வந்து பஸ் ஏறினேன். இறங்கியதும் கண்ட அமைதியில் எனக்குக் கோபத்தைப் பிடித்துவைக்கத் திண்டாட்டமாகிவிட்டது. ஆற்றுத் தண்ணீர் அவ்வளவு பச்சை. இந்தக் கரையில் பெண்கள் கீரை கழுவுகிறார்கள், அந்தக் கரை வியட்நாம், அங்கேயும் பெண்கள் கீரை கழுவுகிறார்கள், நடுவில் எருமை படுத்திருக்கிறது, அது எந்த நாட்டு எருமை என்று கேட்பாரில்லை. அப்பாவை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சுவிஸ் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம் என்று நீ எத்தனை தரம் சொன்னாய், மனிதர் நம்பவில்லை. எல்லைக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று பென்சன் கடிதம், கல்யாணப் பதிவு, வீட்டு ஒப்பந்தம், பல் டொக்டரின் கடிதம் கூட ஒரு ஃபைலில் போட்டுக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரிந்தார். முப்பத்தைந்து வருடத்துக்கு முதல் எல்லை எல்லையாக நின்று கேள்வி கேட்கப்பட்ட மனிதர், அந்தப் பழக்கம் போகாது. இரண்டாம் நாள் மெய்லானின் அப்பாவோடு கரையில் இருந்து வெற்றுத் தேத்தண்ணீர் குடித்தபோது அந்த ஃபைலை எங்கோ வைத்துவிட்டு, பின்னேரம் வரை தேடவே இல்லை. ஒருவருக்கு மற்றவர் பாஷை ஒரு சொல் தெரியாது, மூன்று மணி நேரம் கதைத்தார்கள்.

அதே நாள் அந்த ஆற்றங்கரையில் வைத்துத்தான் நீ கேட்டாய். அடுத்த வருடம் கல்யாணம், மெய்லான் ஒரே பிள்ளை, அதனால் அந்த வீட்டிலேயே இருக்கப்போகிறேன், இந்தப் பக்கத்துச் சுவாங் இன ஆட்களிடம் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது வழக்கம்தான், நீங்கள் சம்மதிக்க வேண்டும் அம்மா என்றாய். அப்பா உடனே, 'எங்கடை ஆக்களும் சீதன வீட்டுக்குத்தானே போறவை' என்று தொடங்கினார், நான் பார்த்த பார்வையில் ஆற்றைப் பார்க்கத் திரும்பிவிட்டார். நான் 'யோசிச்சுச் சொல்லுறன்' என்றேன். நம் வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று சின்ன வயதிலிருந்து உனக்குத் தெரியும். உன் முகம் விழுந்ததை நான் கண்டேன், கண்டும் வீட்டுப் பக்கம் நடந்தேன்.

அதற்கு அடுத்த நாள்தான் அவர்களுடைய சந்திரக் கணக்கில் மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் பெருநாள். மெய்லானின் அம்மா விடிய முன்பே எழும்பி, இலையும் பூவும் கிழங்கும் இடித்து ஊறவைத்த சாறுகளில் அரிசியைப் போட்டு, கறுப்பு, சிவப்பு, மஞ்சள், ஊதா, வெள்ளை என்று ஐந்து நிறத்தில் சோறு அவித்தார். நானும் சமையற்காரி, அந்த வேலையின் அருமை எனக்குத் தெரியும், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு எல்லாரும் அந்தச் சோற்றையும் கோழியையும் கட்டிக்கொண்டு மலைக்குப் புறப்பட்டீர்கள், முன்னோரின் கல்லறைக்கு. பெண்கள் சுடலைக்குப் போவது நம்மில் இல்லை என்று நான் வீட்டில் நின்றுவிட்டேன். மேலே பட்டாசு வெடிச் சத்தம் கேட்டது. நீங்கள் இறங்கி வந்து குளிக்கவில்லை, காலைக் கூடக் கழுவவில்லை, நேரே குசினிக்குள் போனீர்கள், எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்போது அந்த மனுசி முதல் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். இது எங்கே கொண்டுபோன சோறு என்று உன்னைக் கேட்டேன். 'மேலை படைச்சது அம்மா' என்றாய். 'சுடலைச் சோறு நாங்கள் தின்னுறேல்லை' என்று சொல்லி அந்தக் கிண்ணத்தை இடக்கையால் தள்ளினேன். நீ அதை மொழிபெயர்க்கவில்லை, மொழிபெயர்க்கத் தேவையும் இருக்கவில்லை. அவர் கிண்ணத்தை எடுத்துத் தன் முன்னால் வைத்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தானே சாப்பிட்டார். பிறகு எழும்பிப் போய் எனக்கு அவித்த வற்றாளங்கிழங்கு கொண்டுவந்து வைத்தார், அதையும் உரித்து வைத்தார். நான் சாப்பிட்டேன்.

பஸ்ஸுக்கு வரும் வழியில் நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். 'ஒரு வாய் வைச்சிருந்தால் உங்களுக்கு என்ன குறைஞ்சிருக்கும் அம்மா?' நான் வழக்கம் பற்றிப் பேசினேன், துடக்கு, தீட்டு என்று பேசினேன், என்னை வளர்த்த விதம் பற்றிப் பேசினேன். நீ சூட்கேசைத் தூக்கி வைத்துவிட்டு அப்பாவைக் கட்டிப்பிடித்தாய், என் தோளைத் தொட்டாய். அவ்வளவுதான். சூரிச்சில் இறங்கும்வரை நான் உன்னைத் திட்டிக்கொண்டுதான் வந்தேன், அப்பா கேட்டுக்கொண்டே வந்தார்.

போன சனிக்கிழமை என்னோடு வேலை செய்கிற சுமித்ரா வீட்டுக்கு வந்திருந்தாள். மகன் இருக்கிற இடத்தைக் காட்டுங்கோ அக்கா என்றாள், என் போனில் ஆறும் எருமையும்தான் இருக்கிறது, ஆகவே அப்பாவின் போனை எடுத்தேன். அதில் மலைக்குப் போனபோது எடுத்த படங்கள் இருந்தன. கல்லறைக்கு முன்னால் வரிசையாகக் கிண்ணங்கள், அந்த வரிசையின் கடைசியில், கொஞ்சம் தள்ளி, வாழை இலை விரித்து ஒரு தனிக் கிண்ணம். பக்கத்தில் ஒரு சிவப்புத் தாள், அதில் அவர்களுடைய எழுத்து, அதற்குக் கீழே தமிழில் தில்லைநாயகி என்று என் அம்மாவின் பெயர். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா. தமிழ் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று சனிக்கிழமை தோறும் சப்பாத்தை ஒளித்துவைத்த பிள்ளையின் எழுத்து. சுமித்ரா போகும் வரை எப்படியோ இருந்துவிட்டு, அவள் போனதும் இது என்ன என்று அப்பாவைக் கேட்டேன். அப்போதுதான் சொன்னார். அந்த மனுசி முதல் நாளே உன்னிடம் கேட்டாராம், உங்கள் அம்மாவின் தாய்க்கு எங்கே கல்லறை என்று. கல்லறை இல்லை, எரித்துக் கடலில் கரைத்தார்கள், அம்மா அப்போது சுவிசில் நாட்டை விட்டுப் போகவிடாத எஃப் பெர்மிட்டில் இருந்ததால் போக முடியவில்லை, செத்த வீட்டுக்குப் போகவில்லை என்று நீ சொன்னாயாம். அதற்கு அவர் சொன்னதை, நீ மொழிபெயர்த்தபடி அப்பா அப்படியே சொன்னார். 'கல்லறை இல்லையெண்டால் இண்டைக்கு அவ எங்கை போவா, எங்கடை ஆக்களோடை வந்து இருந்து சாப்பிடட்டும்.' அந்தச் சோற்றைத்தான், அம்மா சாப்பிட்டு மீந்ததை மகள் சாப்பிட வேண்டும் என்று, ஒருவரையும் தொடவிடாமல் தனியாகக் கட்டிக் கீழே கொண்டுவந்திருக்கிறார். அதைத்தான் நான் இடக்கையால் தள்ளினேன்.

அப்பா ஏன் அன்றே சொல்லவில்லை என்று கத்தினேன். 'சொன்னால் நீ தாங்கமாட்டாய் எண்டு விட்டனான்' என்றார். நீ ஏன் சொல்லவில்லை என்று உன்னைக் கேட்கமாட்டேன். பஸ் நிலையத்தில் நான் காது கொடுத்துக் கேட்கிற ஆளாக இருக்கவில்லை.

ஒன்று சொல்கிறேன், நீ அறியாதது. முந்தியெல்லாம் அம்மம்மாவின் திவசத்துக்கு நான் சமைத்துப் படைத்து, பால்கனிக் கம்பியில் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைப்பேன். பறவைக்குச் சாப்பாடு போடக்கூடாது, கீழ் வீட்டுக்காரர் முறைப்பாடு செய்திருக்கிறார் என்று கட்டட நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. அதோடு விட்டுவிட்டேன். கோயிலில் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். பதினொரு வருடம், மகன். பெற்ற மகள் பதினொரு வருடமாக ஒரு பிடி சோறு வைக்கவில்லை, என் அம்மாவைக் கண்டிராத ஒரு பெண் அவருக்கு இலை போட்டுச் சோறு வைத்தார். துடக்கு அந்தச் சோற்றில் இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, உனக்கு இதை எழுதவும் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதாமல் இருந்தால் இன்னும் வெட்கம்.

உன் கேள்விக்குப் பதில் சொல்ல இவ்வளவு தூரம் வந்தேன். சம்மதம். அரை மனதோடு இல்லை. நீ அந்த வீட்டிலேயே இரு. ஒரே மகனை அவ்வளவு தூரத்தில் விடுவது எனக்கு நோகும், நோகாது என்று பொய் சொல்லமாட்டேன், சில நாள் போனில் அழுவேன், அதைப் பொருட்படுத்தாதே. அடுத்த வருடம் அந்தப் பெருநாள் ஏப்ரல் பத்தொன்பது என்று அப்பா கலண்டரில் பார்த்து வைத்திருக்கிறார், நம்முடைய வருடப்பிறப்புக்கு ஐந்து நாள் கழித்து. நான் ஷெஃபினிடம் மூன்று கிழமை ஃபேரியன் லீவு கேட்டுவிட்டேன், அக்காவும் வருகிறாள். கல்யாணத்தை அதையொட்டி வையுங்கள். தாலியும் கூறைச் சேலையும் நான் கொண்டுவருகிறேன், மற்றதெல்லாம் அவர்கள் முறைப்படி நடக்கட்டும்.

கொதித்தாறிய தண்ணீர் குடி. கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்து சாப்பிடாதே. உன் பாஸ்போர்ட் வருகிற மார்கழியில் முடிகிறது, கடைசி நேரம் வரை விடாமல் தூதரகத்தில் நேரம் எடு. மெய்லானிடம் நான் அவளைச் சுகம் கேட்டதாகச் சொல், மருமகள் என்றே சொல். நீங்கள் இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடும் ஒற்றுமையோடும் இருக்க வேண்டும், உங்கள் வீட்டில் அடுப்பு அணையக்கூடாது, அதுதான் நானும் அப்பாவும் தருகிற ஆசீர்வாதம்.

கீழே இருப்பது மெய்லானின் அம்மாவுக்கு. அவர் முன்னால் இருந்து வாசித்துச் சொல்ல மறந்துவிடாதே. என்னை நல்லவளாக்கப் பார்க்காமல், எழுதியிருக்கிறபடியே சொல்.

சம்பந்தி அம்மா, நான் செய்தது பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள். வாசல் தெரியாமல் நின்ற என் தாயைக் கூப்பிட்டுச் சோறு போட்டீர்கள். அந்த வீட்டில் என் பிள்ளை பசியோடு இருக்கமாட்டான். அவனை உங்களிடம் தருகிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
சிவநேசன் கஜலக்சுமி