கட்டி கரையும்வரை

அப்பா,

உங்கள் பேத்தியை இப்போதுதான் ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோனார்கள். வராந்தாவில் யாரோ குழந்தைக்கு விளக்கெண்ணெய் தடவுகிறார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கண் உங்களைத் தேடுகிறது. எனக்கு வந்த அதே குடல்வால் நோய்தான் இவளுக்கும்.

மிராசுதாரிடம் கூலி நெல்லைக் கூட்டித் தரச் சொல்லி நீங்களெல்லாம் அறுவடைக்கு இறங்காமல் நின்ற நேரத்தில்தான் எனக்கு வலி வந்தது. குடலேற்றம் என்று நினைத்து, சின்னம்மா இதே எண்ணெயைப் போட்டு வயிற்றை உருவிவிட்டார். கொஞ்ச நேரத்தில் வலி சட்டென்று நின்றது. வீடே சிரித்தது. குடல்வால் வெடித்ததால்தான் நின்றது என்று யார் கண்டார்கள்? காய்ச்சல் கொதித்த பிறகு தஞ்சாவூருக்குத் தூக்கி வந்தீர்கள்.

"இப்பவே அறுத்து எடுத்துடுங்க ஐயா" என்று கெஞ்சினீர்கள். டாக்டர் மறுத்தார். சீழ் கட்டியாகத் திரண்டு, குடல் அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கிறது, இப்போது கத்தி வைத்தால் குடலே கிழியும், முதலில் மருந்தில் கட்டி கரையட்டும் என்றார். உங்களுக்கு வந்ததே கோபம்.

"பொறு பொறுன்னுதான் மிராசுதாரும் சொல்றாரு. பொறுத்து என்னத்தக் கண்டோம்?"

டாக்டர் உங்கள் கையை எடுத்து என் வயிற்றில் வைத்தார். "கட்டி தட்டுப்படுதா? தினம் காலையில மெதுவா தொட்டுப் பாருங்க. பெருசானா நானே அறுத்துடுறேன்."

அதன்பின் ஊரிலிருந்து ஆள்மேல் ஆள் வந்து போராட்டத்துக்குக் கூப்பிட்டும் நீங்கள் அசையவில்லை. காலையில், அரிவாள் பிடித்துக் காய்த்த உள்ளங்கையை வேட்டியில் தேய்த்துச் சூடாக்கி, அப்புறம்தான் வைப்பீர்கள். மூச்சைப் பிடித்துக்கொள்வீர்கள். ஒருநாள், "எலந்தப்பழம் அளவுதாம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அந்தக் கைக்காகவே கட்டி இன்னும் சில நாள் இருக்கட்டும் என்று நினைத்தேன். அது கரைந்து, நான் தேறி, கோடையில்தான் ஆபரேஷன் நடந்தது.

இவளுக்கும் வெடித்துவிட்டது. ஆனால் கட்டி திரளும் முன்பே வந்துவிட்டோம், இன்றே எடுத்துவிடலாம் என்றார்கள். சரி என்றேன். ஒரு வார்த்தை கேட்க நீங்கள் இல்லையே அப்பா.

உள்ளே போகும் முன் அவள் என் கையை இழுத்தாள். வயிற்றின் மேல் வைக்கப் போன நான் நிறுத்தி, உள்ளங்கையைப் புடவையில் தேய்த்தேன்.

"ஏம்மா தேய்க்கிற?"

"தாத்தா அப்படித்தான் வைப்பாரு."

கண்ணை மூடிக்கொண்டு, "சரி, வை" என்றாள்.