ஜெபச் சீட்டில் எழுதிய இருள்

கர்த்தருக்குள் பிரியமான மகள் அபிகாயிலுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் தேவகிருபையால் சுகமாயிருக்கிறோம், ஜெர்மனிக் குளிரில் நீயும் சுகமாயிருக்க நாள் தவறாமல் வேண்டிக்கொள்கிறேன். எதிர்வீட்டுக் கிறிஸ்டி வியாழக்கிழமை உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறாள், பருப்புப் பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் அப்பா காதில் விழும், சொல்லாவிட்டாலோ எனக்குத் தலை வெடித்துவிடும்.

நீ ஆராய்ச்சி பண்ணும் குட்டி கேலக்ஸியின் நட்சத்திர வேகத்தை மறுபடி அளக்கப்போகிறோம், ஜெபித்துக்கொள் என்றாய் அல்லவா, நானும் கோயில் ஜெபச் சீட்டில், என் மகள் மூன்று வருஷமாக இருளோடு போராடுகிறாள், ஜெயம் கிடைக்க வேண்டும் என்று எழுதிப் போட்டேன். டார்க் மேட்டர் என்பாயே, அதைத்தான் தமிழில் எழுதினேன். போதகர் அதை வாசித்துவிட்டு, அந்நிய தேசத்தில் அந்தகாரத்தில் சிக்கிய இந்த மகளை விடுவியும் ஆண்டவரே என்று கண்ணீரோடு ஜெபித்துவிட்டார். சபையே ஆமென் என்றது, பழக்கதோஷத்தில் நானும் சொல்லித் தொலைத்தேன்.

அப்போது ஆண்கள் பக்கம் ஒருவர் எழுந்தார். பார்த்தால் உன் அப்பா. மேடவாக்கத்து வரன் வேண்டாம் என்று நீ கிளம்பின நாளிலிருந்து உன்னிடம் ஒரு வார்த்தை பேசாத அதே தனசிங். பாஸ்டர் மன்னிக்கணும், இது அந்த இருட்டு இல்ல, கண்ணுக்குத் தெரியாத பொருள் என்றார். அந்த கேலக்ஸில நட்சத்திரம் ரொம்ப கம்மி, இருக்கிற எடைக்கு அதுங்க ஓடுற வேகத்துல எப்பவோ சிதறிப் போயிருக்கணும், போகல, ஏதோ ஒண்ணு பிடிச்சு வச்சிருக்கு, அது எவ்வளவுன்னுதான் எம் பொண்ணு கணக்குப் போடுறா என்றார். எம் பொண்ணு என்றார், அபி. போதகர் மறுபடி ஜெபித்தார், இந்த முறை சரியாக.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டால் பேப்பரில் வந்தது என்கிறார். நேற்றுதான் குட்டு வெளிப்பட்டது. பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் நடக்கும்போது அவர் காதில் மாட்டிக்கொள்வது பிரசங்கம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். வாசலில் ஒயர் கழன்று போன் சத்தமாகப் பேசியது. கேட்டால் உன் குரல். உன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசி நீ குடும்ப குரூப்பில் போட்ட அந்தப் பேச்சு. எத்தனையாவது தடவையோ. நான் ஒன்றும் கேட்காதது போல அடுப்படிக்குப் போய்ச் சந்தோஷத்தில் அழுதேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குல்லா போடாமல் வெளியே போகாதே. அளந்ததில் என்ன வந்தாலும் கலங்காதே. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்து, பழைய ரயில்வே டைரியிலிருந்து கிழித்த ஒரு தாளை நீட்டி, கவர்ல இதையும் வை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதில் உன் பெயர் இல்லை, நல விசாரிப்பும் இல்லை. அவ்வளவு சின்ன கேலக்ஸியில் நட்சத்திரம் ஆகாத மீதி வாயு எங்கே போயிற்று, யார் வெளியே தள்ளியது என்று ஒரே ஒரு கேள்வி. பதிலை என் நம்பருக்குச் சொல்லாதே. அவர் நம்பருக்குக் கூப்பிடு, இங்கே சாயங்காலம் ஆறரைக்கு நடந்து முடித்து வந்துவிடுவார்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

கிழக்குத் தாம்பரத்திலிருந்து,
உன் அம்மா தபீதாள்