பொரிக்கு அடியில் டேப்லெட்

ஜூன் 23

காவ்யாவின் ஸ்கூல் பையை இன்று தூக்கிப் பார்த்தேன். ஆபீசுக்குப் போகும் வழியில் தேஹு ரோடு ஸ்டேஷன் வரை கொண்டுபோய்விடலாம் என்று நினைத்தவள், எங்கள் வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டேன். ஏழாம் வகுப்புக்கு இவ்வளவு அறிவு எதற்கு? இத்தனையும் படித்த வாத்தியார்களில் ஒருவரும் மேதையாகத் தெரியவில்லை.

"அம்மா, கந்தா வலிக்குது" என்றாள். இந்த மராட்டிய ஊரில் வளர்ந்த என் பெண்ணுக்குத் தோளை ஹிந்தியில்தான் சொல்ல வரும்; தோள் என்ற தமிழ் வார்த்தை வராது. வலி மட்டும் சுத்தமாக வருகிறது.

டாக்டரிடம் காட்டினேன். "பையைக் குறைங்க, இல்லைன்னா கோ-கோவை நிறுத்துங்க" என்றார். நவம்பரில் ஜில்லா டீமுக்கு செலக்‌ஷன். கோ-கோவை நிறுத்தினால் சாப்பாட்டையும் நிறுத்திவிடுவாள். அவளை எனக்குத் தெரியாதா?

ஜூலை 5

பேரன்ட்ஸ் மீட்டிங். வாயைத் திறக்கக்கூடாது என்றுதான் போனேன். திறந்துவிட்டேன்.

புத்தகம் வேண்டாம், டேப்லெட் கொடுங்கள் என்று எழுந்து நின்று கத்தினேன். என் ஹிந்தியில் ஆண்பால் பெண்பால் எல்லாம் கலந்துதான் வரும். கத்தினால் யாரும் கவனிப்பதில்லை.

இஸ்மாயில் பாய் எழுந்தார். ஆம்பூர்க்காரர்; அவர் பெண்ணும் காவ்யா வகுப்புதான். "கண்ணு கெட்டுடும்மா. அப்புறம் கண்ணாடி நீங்களா வாங்கித் தருவீங்க?" என்றார் தமிழிலேயே.

"தோள் போனா வேற தோள் நீங்க வாங்கித் தருவீங்களா பாய்?"

உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் பிரின்சிபால் பட்வர்தன் மேடம் சொன்னது இது: ஏழு பி-க்கு மட்டும், தீபாவளி வரை, டேப்லெட். புதன்தோறும் மாலை ஆறு மணிக்கு வீட்டிலிருந்தே அதில் டெஸ்ட். பிள்ளைகள் ஒழுங்காக எழுதினால் தொடரும். இல்லாவிட்டால் பழையபடி புத்தகம்தான்.

ஜூலை 21

வந்துவிட்டது! பையில் டேப்லெட், டப்பா, தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். காவ்யா பையை மாட்டிக்கொண்டு ஓடினாள். பையோடு ஓடினாள்! என் வாய்க்கு ஒரு முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

ஆகஸ்ட் 12

"சார்ஜர் எங்கே?" — இந்த வீட்டில் இப்போது கடவுள் வாழ்த்து இதுதான்.

செப்டம்பர் 9

வரலாறு படிக்கிறாள் என்று நம்பி, கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தேன். எட்டிப் பார்த்தால் யாரோ நாய்க்குட்டிக்கு கேக் வெட்டிக் கொண்டாடுகிறார்கள். எந்த நூற்றாண்டு இது என்று கேட்டேன். சிரிக்கிறாள், கழுதை.

இஸ்மாயில் பாயிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

அக்டோபர் 1

ஆயுத பூஜை, சரஸ்வதி பூஜை. என் வீட்டுக்காரர் ராம்பிரசாத், வேலை பார்க்கும் ராணுவ டெப்போவில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்டுக்கு மாலை போட்டுவிட்டு அதே வேகத்தில் வீட்டுக்கு வந்தார். மிக்சிக்குப் பொட்டு. ஸ்கூட்டருக்குப் பொட்டு. சரஸ்வதி படத்தின் முன்னால் வைக்கப் புத்தகம் தேடினார். வீட்டில் புத்தகம் ஏது? டேப்லெட் கொடுத்தபோதே ஸ்கூலில் திரும்ப வாங்கிக்கொண்டார்களே.

"எல்லாப் பாடமும் இதுக்குள்ளதானே இருக்கு? அப்ப இதான் புஸ்தகம்" என்று டேப்லெட்டை வைத்தார். சந்தனம், குங்குமம், மேலே ஒரு கை பொரி.

சுண்டல் தின்று முடித்து நிமிர்ந்தால் மணி ஆறு. ஐயையோ, புதன்கிழமை!

"காவ்யா, டெஸ்ட்டுடீ!"

"பூஜை அன்னைக்கு புக்கைத் தொடக்கூடாதுன்னு நீதானே சொன்னே?" முகத்தில் என்ன பக்தி! என்ன பக்தி!

"ஏங்க, ஒரு மணி நேரம் எடுத்துட்டுத் திரும்ப வச்சிடலாமா?"

"ஃபோர்க்லிஃப்டே இன்னைக்கு அசையல. இது அசையணுமா?"

நானே கையை நீட்டினேன். போகவில்லை. அத்தனை பேர் முன்னால் கத்தியவளுக்கு ஒரு பிடி பொரியைத் தள்ளத் தைரியம் இல்லை. சரி, ஒருத்தி எழுதாவிட்டால் குடியா முழுகிவிடும்?

அக்டோபர் 3

முழுகிவிட்டது.

ஒருத்தியா? ஏழு பி-யில் பாதிக்குப் பாதி டெப்போ தமிழர் வீட்டுப் பிள்ளைகள். வீட்டுக்கு ஒரு ராம்பிரசாத். அத்தனை டேப்லெட்டும் பொரிக்கு அடியில்! எதிர்வீட்டுத் தமிழரசி கொஞ்சம் தாராளமாகவே பூஜை செய்திருக்கிறாள். சார்ஜர் சொருகும் ஓட்டையில் சந்தனம் காய்ந்து அவர்கள் டேப்லெட் கண்ணையே திறக்கவில்லை. இஸ்மாயில் பாயின் பெண் முதல் மார்க்.

மேடம் கூப்பிட்டார். "நாங்களும் தசராவுக்குப் பூஜை செய்றோம். டெஸ்ட் முடிச்சிட்டு வைக்கக்கூடாதா?" என்றார். நியாயமான கேள்வி. அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. தீபாவளி லீவு முடிந்ததும் புத்தகம்.

நவம்பர் 4

சாயங்காலம் வந்தவள் பையைக் கழற்ற முடியாமல் அப்படியே நின்றாள். நான் கழற்றினேன். தோளில் பட்டை பதிந்து சிவந்திருந்தது.

"செலக்‌ஷனுக்கு வரலைன்னு கோ-கோ சார்கிட்ட சொல்லிடவாம்மா?"

ஈரத்துணியை அவள் தோளில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன். சே, என்ன பொழப்புடீ இது! ஊரெல்லாம் கத்தத் தெரியுது, சாமிகிட்ட ஒரு மணி நேரம் கேக்கத் தெரியலையே. கேட்டிருந்தா சரஸ்வதி குடுத்திருக்க மாட்டாளா? அவளுக்கு மட்டும் பிள்ளைங்க டெஸ்ட் எழுதறது பிடிக்காதா?

நவம்பர் 6

பிம்ப்ரியில் என் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்கூலுக்குப் போனேன். மேடத்தின் காலில் விழுந்தாவது டேப்லெட்டைத் திரும்பக் கேட்பதாக உத்தேசம். ஏழு பி-யில் ஒரு புது இரும்பு அலமாரி நின்றது. டேப்லெட்டுகளை வைத்து சார்ஜ் போடுவதற்காக வாங்கியதாம்.

"இப்ப உள்ளே என்ன இருக்கு மேடம்?"

"ஒண்ணும் இல்லை."

அப்போதுதான் உறைத்தது. எட்டாவது பிள்ளைகளின் போன வருஷப் புத்தகங்கள் வீடுகளில் சும்மாதானே கிடக்கின்றன? அதை வாங்கி இந்த அலமாரியில் வைத்தால் ஒரு செட் இங்கே, ஒரு செட் வீட்டில். நடுவில் எதையும் சுமக்க வேண்டாம்!

மேடம் அலமாரியைத் திறந்து தட்டுகளை எண்ணினார். "இதை ஜூலை மீட்டிங்லயே சொல்லியிருக்கலாமே?"

ஜூலையில் எனக்கு எங்கே தோன்றியது!

நவம்பர் 9

ராம்பிரசாத்தும் இஸ்மாயில் பாயும் ஒரே ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்ப் பழைய புத்தகம் வாங்கி வந்தார்கள். இரண்டு பேருக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துவிட்டேன் — என் வீட்டுக்காரருக்கு மட்டும். நன்றாக வலிக்கட்டும். அப்போதுதான் பிள்ளைகள் பாடு தெரியும்.

நவம்பர் 23

காவ்யா ஜில்லா டீமில் இருக்கிறாள்! மைதானத்தில் நான் போட்ட கூச்சலில் என்னை ஓரமாகப் போய் உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. தோள் வலிக்கிறதா என்று கேட்டேன். "எந்தத் தோள்?" என்றாள். அந்தத் தமிழ் வார்த்தை இன்றுதான் அவள் வாயில் வந்தது. அழுகை வந்துவிட்டது எனக்கு.

வீட்டில் வடாபாவ் விருந்து. ராம்பிரசாத்துக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே சரஸ்வதி பூஜைக்கும் கவலை இல்ல. வீட்டு செட்டை சாமிகிட்ட வச்சிடலாம். ஸ்கூல் செட்டைக் கொண்டுவந்து இவ படிச்சுக்கட்டும்."

காவ்யா மெல்வதை நிறுத்தினாள்.

"அப்பா, அன்னைக்கு ஸ்கூலுக்கு வந்து அந்த அலமாரிக்கும் ஒரு பொட்டு வச்சிடுங்க."