பல்செட்டின் மேல் குற்றமில்லை

இன்று ஆய்வகத்துக்குப் புதுச் சரக்கு வந்தது. பல்செட் வார்க்கும் ரசாயனப் பாட்டிலைத் திறந்ததும் மூக்கில் ஏறிய நெடி உன்னைத்தான் கொண்டுவந்தது, மாப்ளே. நீ கோயமுத்தூருக்கு என்னைத் தேடி வந்த அன்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதையாடா எங்க வாய்க்குள்ள வெக்கறீங்க?" என்று கேட்டாய்.

கீழ்ப் பல்செட் போட்டதிலிருந்து நாக்கோரம் எரிகிறது என்று வந்தாய். அங்கே ஒரு புண். உன் ஊர் மீனாட்சிபுரத்தில் பால் சொசைட்டிக்கு வருகிறவர்களிடமெல்லாம் பல்செட்டைத் திட்டித் தீர்த்திருந்தாய். பல் டாக்டர் இரண்டு காரியம் சொன்னார். பல்செட் உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று சோதிக்க வேண்டும். புண்ணில் சதை கிள்ளியும் பார்க்க வேண்டும். முதலாவது என் வேலை. உன் பல்செட்டைச் சுரண்டிய தூளை, தட்டில் வளரும் ஈறுச் செல்களோடு விட்டுவைத்தேன். அவை சாகவில்லை. உன் முதுகில் ஒட்டிவைத்த பல்செட் துண்டுக்கும் தோல் சிவக்கவில்லை.

"பல்செட்டு மேல குத்தமில்ல. அப்பப் புண்ணு எதனாலன்னு பாக்கோணும். நாளைக்கே போய்ச் சதை எடுக்கக் குடு" என்றேன்.

"குத்தமில்லீன்னு நீயே சொல்லிட்டே. பின்ன எதுக்குடா கத்தி?"

அன்று சாயங்காலமே சொசைட்டியில், "டெஸ்ட்டுல பாஸாயிட்டேன்" என்று எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாயாம். பாஸானது பல்செட்டு, நீயல்ல. போனில் கத்தினேன், மாடு கன்று போடட்டும், மழை நிற்கட்டும் என்று நாள் கடத்தினாய். வாய்ப்புண்ணுக்கு எவனாவது இப்படிப் பயப்படுவானா என்று என்னையே கிண்டலும் செய்தாய். எரிகிற புண்ணின் மேலேயே பல்செட்டை மாட்டிக்கொண்டு சோளக்கருது கடித்தவன் நீ. உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. கடைசியில் சதை கிள்ளிப் பார்த்தபோது புற்று கழுத்துக்கு இறங்கியிருந்தது.

நீ போன அன்று உன் மனைவி, துணியில் சுற்றிய பல்செட்டை என்னிடம் நீட்டினாள். "பொக்கை வாயோட அனுப்ப வேண்டாமுங்கண்ணா. நீங்க மாட்டி உடுங்க." மறுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முயன்றேன். வாய்க்குள் வளர்ந்திருந்த கட்டி இடம் விடவில்லை.

இப்போதெல்லாம் சோதனை நல்லபடியாக முடிந்தவர்களை வெறுமனே அனுப்புவதில்லை. முடிவைக் கேட்டதும் அவர்கள் முகம் மலரும். அதைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. கையைப் பிடித்து உட்காரவைத்து, ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்: "பல்செட்டு மேல குத்தமில்லீங்க. உங்க வாயை இன்னும் பாக்கலீங்க."