தாளம் தப்புதுடா

மர்பி டவுன், பெங்களூர்,
12 ஜூலை 1998

அன்புள்ள தங்கச்சிக்கு,

சித்திரையில் நீ கோபித்துக்கொண்டு சேலத்துக்குப் போன பிறகு நான் எழுதவில்லை. எழுத நல்ல சேதி எதுவும் இல்லை. இப்போது இருக்கிறது.

இடுப்பு எலும்பு கூடிய பிறகும் அம்மா எழுந்து நிற்க மறுத்தது உனக்குத் தெரியும். முதியோர் இல்லத்தில் ஏன் சேர்த்தேன் என்று மறுபடி விளக்கப்போவதில்லை; அதற்குப் போட்ட சண்டை போதும். சேர்த்த நாளிலிருந்து அம்மா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதை மட்டும் உன்னிடம் மறைத்துவிட்டேன். ஞாயிறுதோறும் போய் ஆரஞ்சு உரித்து வைத்துவிட்டு வருவேன்.

அங்கே வெள்ளிக்கிழமைகளில் நாகரத்னம்மா என்று ஒரு கன்னடக்கார டீச்சர் வருகிறார். டேப்ரிக்கார்டரில் பாட்டுப் போட்டு, எல்லோரையும் நாற்காலியில் இருந்தபடியே கைகால் அசைக்க வைப்பார். நேற்று முன்தினம் பீன்யா பாக்டரியில் எனக்கு ஷிப்ட் இல்லாததால் போயிருந்தேன். அன்று கோலாட்டம். அம்மாவுக்கு ஜோடி இல்லை. டீச்சர் என்னிடம் இரண்டு குச்சிகளைக் கொடுத்து, "கூத்கொள்ளி சார்" என்று கன்னடத்தில் தொடங்கி, "அம்மாவுக்கு எதிர்ல உக்காருங்க" என்று தமிழில் முடித்தார்.

அம்மா என் முகத்தைப் பார்க்காமலே தட்டினார். எனக்குக் கை ஓடவில்லை. பாதிப் பாட்டில் அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"தாளம் தப்புதுடா. என் கையப் பாத்துத் தட்டு."

பாட்டு முடியும்வரை நின்றார். கண்ணைத் துடைக்க எனக்குக் கை ஒழியவில்லை.

அடுத்த வெள்ளி நீயும் வா. உனக்கும் திட்டு விழும்.

அன்புடன்,
உன் அண்ணன்