திரும்பி வந்த உறை

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

இப்படித் திடீரென்று எழுதுவதற்கு மன்னித்துக்கொள். ரிசர்வ் ஆட்களைப் பட்டாளத்துக்குத் திரும்ப அழைக்கிறார்கள் என்ற பேச்சு வந்ததிலிருந்து நீ போனை எடுப்பதில்லை. புது வீட்டு முகவரியை அண்ணிதான் கொடுத்தார். அவரைத் திட்டாதே, ஏழாம் மாதம்.

ராணுவ மண்டலத் தலைமையகத்தில் நான் எழுத்தராகச் சேர்ந்து நான்கு மாதமாகிறது. பட்டாளத்திலிருந்து வீடு திரும்பிய ரிசர்வ் ஆட்களின் பட்டியல், பள்ளிக் கேடட்களின் பயிற்சி, இரண்டும் எங்கள் பொறுப்பு. கேடட் பெண்கள் எனக்கும் சல்யூட் அடிக்கிறார்கள். பதிலுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நேற்று "சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

ஆள் இல்லாமல் திரும்பி வரும் அழைப்பாணைகள் என் மேசைக்குத்தான் வரும். புது முகவரியைத் தேடி எழுத வேண்டும். போன வாரம் வந்த ஓர் உறையில் உன் பெயர். இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். அதை என்ன செய்ய? நீயே சொல்.

தங்கை

மார்ச் 7

ஏய் ஊமைக்கோட்டான்,

சல்யூட் அடிச்சவங்ககிட்ட சாப்பாட்டை விசாரிச்ச ஒரே ஆளு நீதான். உங்க அண்ணி வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா.

நான் எதுக்குப் பட்டாளத்துக்குப் போனேன்னு உனக்குத் தெரியும். நம்ம வீட்டுல ஒருத்தியாவது காலேஜ் முடிக்கணும். முடிச்சுட்ட. ஆறு வருஷம் எல்லையில நின்னாச்சு, போதும். குழந்தை பொறக்கும்போது நான் இங்க இருக்கணும். 'முகவரி தெரியவில்லை'ன்னு ஒரு வரி எழுதிடு. உனக்குத்தான் எழுத்து முத்து முத்தா வருமே.

அண்ணன்

மார்ச் 10

அன்புள்ள அண்ணா,

அந்த ஒரு வரியை மூன்று தாளில் எழுதினேன், மூன்றையும் கிழித்தேன். நீ படிக்க வைத்த கை, பொய்க்கு நகர மாட்டேன் என்கிறது.

மேஜர் அறைக்கு முன்னால் நாலு தடவை நடந்துவிட்டு, ஐந்தாவது தடவை உள்ளே போய் உறையை மேசையில் வைத்தேன்.

"யாரும்மா இது?"

"என் அண்ணன் சார்."

"இத்தனை நாளா பூட்டியா வச்சிருந்தீங்க?"

தலையை ஆட்டினேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"கேடட்களுக்குப் பயிற்சி குடுக்க ஆளில்லாம தவிக்கிறோம். அவரே நேர்ல வந்து அதுக்குச் சம்மதம்னு எழுதிக் குடுத்தா அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்துலயே போட்டுடலாம். தினம் வீட்டுக்குப் போகலாம். நாங்க தேடிப் பிடிச்சா, அவரை எங்க அனுப்புவாங்கங்கறது என் கையில இல்லம்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கறேன்."

இதை விரைவுத் தபாலில் சேர்த்துவிட்டேன். வெள்ளி மாலை நான்கு மணிக்கு அந்த உறையில் உன் முகவரியை நான்தான் எழுதுவேன். வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் பேசாமல் போனாலும் எழுதுவேன்.

என் மேசை வாசலுக்கு நேராக இருக்கிறது.

நான்கு மணிக்கு முன்னால் வந்துவிடு அண்ணா.

தங்கை