எக்ஸ்ரே பிரிவு ஊழியர் மீது நான் கொடுத்த பொய்ப் புகாரைத் திரும்பப் பெறுவது குறித்து

அனுப்புநர்:
முடிதிருத்தும் தொழிலாளி,
நோயாளிச் சீட்டு எண் 2281.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: என் முந்தைய புகார் பொய் என ஒப்புக்கொள்வதும், அதனால் பணியிடை நீக்கம் செய்யப்பட்டவரை மீண்டும் பணியில் சேர்க்கக் கோருவதும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இருபத்திரண்டு ஆண்டுகளாக நின்றே முடிவெட்டிப் பிழைப்பவன் நான். இடது காலில் நரம்புகள் சுருண்டு புடைத்துவிட்டன. அறுவை சிகிச்சைக்கு முன், உள்நரம்பில் அடைப்பு உண்டா என அறிய, பாதத்தில் ஊசி வழியே மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும்படி மருத்துவர் எழுதிக்கொடுத்தார்.

2. ஊசி போடும் முன் அந்த ஊழியர், "இந்த மாதிரி மருந்து முன்னாடி போட்டு ஏதாவது ஆச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே" என்று இரண்டு முறை கேட்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன் சிறுநீரகக் கல்லுக்கு இதே வகை மருந்து போட்டு உடம்பெல்லாம் தடித்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனாலும், "ஒண்ணும் ஆகலம்மா" என்றேன். அறுவை ஏற்கெனவே இருமுறை தள்ளிப்போயிருந்தது. படிவத்தில் 'இல்லை' என்று அவர் குறித்தது என் வாய்ச்சொல்லை நம்பித்தான்.

3. படம் எடுத்து முடித்ததும் எனக்குத் தொண்டை அடைத்து மூச்சு திணறியது. ஓடிப்போய் மருத்துவரை அழைத்து வந்தவரும், நான் கண் திறக்கும்வரை என் கையை விடாதவரும் அவரே.

4. பதறி வந்த என் மனைவி, "உங்களை ஒண்ணுமே கேக்காமலா ஊசி போட்டாங்க?" என்றாள். அந்தப் பழைய தடிப்பை அவளிடமும் மறைத்திருந்த நான், ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த ஒரு தலையாட்டல்தான் ஐயா. மைத்துனர் புகார் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

5. போன செவ்வாய்க்கிழமை படத்தை வாங்க வந்தேன். அவர் இருக்கையில் வேறொருவர் இருந்தார். என் புகாரால் அவரைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டார்கள் என்று இந்தப் புதியவர்தான் சொன்னார். படம் தெளிவாக விழுந்திருக்கிறது, அடைப்பில்லை, அறுவை செய்யலாம் என்று மருத்துவர் மகிழ்ந்தார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

6. நேற்று மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் எழுந்து போய், இந்த மனுவுக்கான தாளை மட்டும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

ஆகவே, அந்த ஊழியரை உடனே பணியில் சேர்த்து, அவர் பணிப்பதிவேட்டில் என்னால் ஏறிய கறையை நீக்கும்படி வேண்டுகிறேன். என் மீது எடுக்கும் நடவடிக்கை எதுவாயினும் ஏற்கிறேன். விசாரணைக்கு என்னை அழையுங்கள். தங்கள் அறையில் தனியாக வேண்டாம். அந்தப் பிரிவினர் எல்லோர் முன்னிலையிலும், அவர் முகத்துக்கு நேரே சொல்ல விரும்புகிறேன்.

இடம்: மருத்துவமனை வளாகம்
நாள்: 11.06.2019

வெட்கத்துடன்,
(கையொப்பம்)
முந்தைய புகாரில் கையெழுத்திட்ட அதே நபர்